பருத்திக்கு ஊற்றிய கஞ்சி

ஈரச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்த பருத்திச் செடியை வடிவாம்பாள் ஜான் பாஷாவின் பூச்சிமருந்துக் கடையில் கண்ணாடி மேசைமேல் வைத்துப் பிரித்தபோது மதியம் மூன்றரை இருக்கும். அவருக்கு அன்றைக்குப் பதினோராவது நோன்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற நேரம். செடி ஒரு சாண் உயரம் இருந்தது. கீழ் இலைகளில் குறையொன்றும் இல்லை. மேலே புதிதாக விட்ட இலைகள்தான் விரிய மறந்து, நரம்பெல்லாம் ஒன்றாக இழுத்துக்கொண்டு, கோழிக்கால் விரல் மாதிரி சுருண்டு கிடந்தன. தண்டும் ஒரு பக்கமாகத் திருகியிருந்தது.

“இது இன்னா நோவு பாய்?” என்றாள் வடிவாம்பாள். “கழனி பூரா இப்டித்தான் இருக்குது.”

பார்த்த மாத்திரத்தில் பாஷாவுக்குத் தெரிந்துவிட்டது. இது நோவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. நெல்லுக்கு அடிக்கிற டூ ஃபோர் டி என்ற களைக்கொல்லி பட்டால் பருத்தி இப்படித்தான் ஆகும். நெல்லுக்கு ஒன்றும் செய்யாது, பருத்திக்கு ஜென்மப் பகை. டேங்கின் அடியில் ஒட்டியிருக்கிற மிச்சமே போதும், ஒரு கழனியை முடித்துவிடும். பத்து வருஷத்துக்கு முன்னால் மருந்து வியாபாரிகளுக்கு நடந்த ஒரு கூட்டத்தில் இதைப் படம் போட்டுக் காட்டினார்கள். நம்ம பக்கம் எல்லாம் நெல்தானே, பருத்தி யார் வைக்கிறார்கள் என்று பாஷா பாதிப் படத்தில் எழுந்து டீ குடிக்கப் போனார். அப்போது பார்த்த பாதி இப்போது மேசைமேல் கிடந்தது.

வடிவாம்பாள் டூ ஃபோர் டியை வாங்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. ஆனால் அவள் கழனிக்கு மருந்தடித்த ஸ்பிரேயர் பாஷாவுடையது.

இருபத்தாறு வருஷமாகப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவருக்குப் பூச்சிமருந்துக் கடை. கடைக்கு இருக்கிற பேரெல்லாம் இரண்டு காரியத்தால் வந்தது. இந்த மருந்தையும் அந்த மருந்தையும் ஒண்ணாக் கலந்து அடிக்கலாமா பாய் என்று யாராவது கேட்டால் அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இரண்டு மருந்திலும் அளந்து சில சொட்டு விட்டு, குலுக்கி, மேசைமேல் வைத்துவிடுவார். கேட்டவர் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டிலில் கலவை பால் திரிந்த மாதிரி திரியாமல், அடியில் கசடு படியாமல் இருந்தால்தான் கலக்க உத்தரவு. மந்திரியே வந்தாலும் அந்த அரை மணி குறையாது என்று தாமல் பக்கத்து விவசாயிகள் கேலி பேசுவார்கள், பேசிக்கொண்டே உட்கார்ந்தும் இருப்பார்கள். இன்னொன்று, ஸ்பிரேயர் வாங்க முடியாத சின்ன விவசாயிகளுக்குத் தன் பேட்டரி ஸ்பிரேயரை வாடகை இல்லாமல் கொடுத்தனுப்புவார். திரும்பி வந்ததும் டேங்கில் சலவைச் சோடா கரைத்து ஒரு ராத்திரி ஊற வைத்து, மறுநாள் குழாய், நாஜில் எல்லாம் கழற்றிக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அதற்கு அப்புறம்தான் அடுத்த ஆளுக்கு. இதில் அவர் தவறியதே இல்லை, இந்த ஒரு தடவையைத் தவிர.

அது இரண்டாம் நோன்பு. வடிவாம்பாள் பருத்தி விதைத்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கழனியில் பருத்தி எது, சாரணைக் களை எது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு இலைக்கு அடியில் அசுவினிப் பூச்சி வேறு. களை வெட்டக் கூப்பிட்டால் ஆள் வருவதில்லை. அவள் கழனி இருக்கிற மாகறலில் கைகால் திடமாக இருக்கிற பெண்கள் எல்லாரும் விடியற்காலையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். மருந்தடிக்க அவள் புருஷன் வேலாயுதத்துக்கும் ஒரு நாள்தான் தறியை விட்டு வர முடியும். அதனால் களைக்கொல்லியையும் பூச்சிமருந்தையும் சேர்த்து ஒரே அடியாக அடிக்கலாமா என்று கேட்டு வந்தாள். பாஷா பருத்திக்கென்று உள்ள களைக்கொல்லியை எடுத்தார், அசுவினிக்கு மருந்து எடுத்தார், பாட்டிலில் குலுக்கினார். அரை மணி கழித்தும் பாட்டில் தெளிவாக இருந்தது. அந்த அரை மணிக்குள்தான் தாமல் மணிவண்ணன், நாற்று நட்ட கழனிக்கு டூ ஃபோர் டி அடித்துவிட்டு ஸ்பிரேயரைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். கழுவினியாபா என்று கேட்டதற்கு ரெண்டு தண்ணி ஊத்திக் கழுவிட்டேன் பாய் என்றான். டேங்கைத் திறந்தபோது பினாயில் மாதிரி ஒரு வாடை வந்தது. அது மூக்கில் ஏறியது பாஷாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலை வலித்துக்கொண்டிருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு பாய் என்று அவள் நின்றாள். எடுத்துக்கொடுத்துவிட்டார்.

வடிவாம்பாள் இந்தப் பருத்தியை வெறும் பயிராக வைக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வேலாயுதத்துக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தொன்பது வருஷம். அங்கே அவள் செய்த வேலை எல்லாம் அவர் தறிக்குக் கைவேலை. மாகறலில் கிணற்றோடு ஒன்றரை ஏக்கரை அவளுக்கு என்று அவள் அப்பா சாகும்போது வாயால் சொன்னார், பத்திரத்தில் அண்ணன் துரைக்கண்ணுவின் பேர்தான் இருக்கிறது. எழுதிக்கொடு என்று ஆறு வருஷமாகக் கேட்டாள். தறிக்காரன் பெண்டாட்டிக்குக் கழனி எதுக்கு என்று அவர் ஆறு வருஷமாகச் சிரித்தார். கடைசியில் போன தையில் கோயில் வாசலில் நாலு உறவுக்காரர்களை வைத்து ஒரு பேச்சு முடிந்தது. ஒரு பட்டம் அவள் பயிர் வைக்கட்டும். விளைவித்துக் காட்டினால் அண்ணன் எழுதிக்கொடுப்பார். இல்லையென்றால் இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. கிணற்றில் நெல்லுக்குத் தண்ணீர் பத்தாது என்றுதான் பருத்தி வைத்தாள். இதெல்லாம் கடையில் எல்லாருக்கும் தெரியும். பாட்டில் தெளிகிற வரைக்கும் ஆட்கள் வேறு என்னத்தைப் பேசுவார்கள்.

“நான் ஒண்ணு பண்ணிட்டேன் பாய்,” என்றாள் இப்போது, குரலை இறக்கி. “மருந்து எலைல நிக்காம வழிஞ்சிடுமேன்னு, வடிச்ச கஞ்சியத் துணில வடிகட்டி டேங்க்குக்கு ஒரு சொம்பு ஊத்துனேன். பாவுக்குப் போடுவோமில்ல, அந்த மாதிரி. நூலுக்குக் கஞ்சி போட்டா அப்டியே புடிச்சிக்கினு நிக்கும். அத்த நெனச்சி ஊத்திட்டேன். அதனாலயா பாய்?”

தறிக்கு ஏற்றுகிற பட்டு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுகிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் அந்த யோசனை வரும். கஞ்சி ஊற்றினால் நாஜில் அடைக்கும். அதற்கு மேல் அது ஒரு பாவமும் செய்யாது. பருத்தியின் கழுத்தைத் திருகாது. பாஷாவுக்கு இது தெரியும். பெஞ்சில் தாமல்காரர்கள் இரண்டு பேர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதும் இந்தப் பக்கம்தான் இருந்தது.

“இருக்கலாம்மா,” என்றார் பாஷா.

ஒரே ஒரு சொல். அவள் எடுத்துக்கொடுத்தாள், இவர் பிடித்துக்கொண்டார். வடிவாம்பாள் செடியைச் செய்தித்தாளில் திரும்பச் சுற்றினாள். அழவில்லை. வேறென்ன செய்யலாம் என்றும் கேட்கவில்லை. “எல்லாரும் சொன்னாங்க பாய், ஒனக்கு எதுக்கு இந்த வேலன்னு,” என்று மட்டும் சொல்லிவிட்டு படி இறங்கினாள்.

சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்பு திறக்க உட்கார்ந்தபோது பாஷா முன்னால் நோன்புக் கஞ்சி வந்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கஞ்சியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். பக்கத்தில் இருந்தவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றார். பொய்க்கு ருசி கண்டால் விடாது போலிருக்கிறது, அன்றைக்கு அது இரண்டாவது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாளும் நாளைக்கு என்று நினைத்தார். சொன்னால் என்ன ஆகும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. பாஷா பாய் டேங்க்கால ஒரு கழனி போச்சு என்று ஒருத்தன் சொன்னால் போதும், போன மூன்று வருஷத்தில் பயிர் சரியில்லாமல் போனவன் எல்லாம் கடை வாசலில் நிற்பான். இருபத்தாறு வருஷம் பாட்டில் குலுக்கிச் சம்பாதித்த பேர். அந்தப் பேரை விட்டால் அவரிடம் என்ன இருக்கிறது, நாலு அலமாரி விஷம்தான் இருக்கிறது.

அதற்குள் கதை ஊரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. வேலாயுதம் கெட்ட மனிதரில்லை. பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிறவரோ, கத்துகிறவரோ கிடையாது. ஆனால் கூட்டத்தில் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். தறிப் பள்ளத்தில் உட்கார்ந்தபடியே வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னார், எங்க வூட்டம்மா பருத்திக்குப் பாவுக் கஞ்சி போட்டா, இனிமே சரிகை வச்சு நெய்யறதுதான் பாக்கி என்று. பதினாறாம் நோன்பு அன்றைக்கு அது கடைக்கே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் மணிவண்ணன்.

“பாய், கஞ்சி ஊத்துன கத தெரியுமா உங்களுக்கு?” என்று ஆரம்பித்து முழுசாகச் சொன்னான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மணிவண்ணனுக்குத் தான் கழுவிய டேங்க்தான் அது என்று தெரியாது. பாஷா அவன் வாயையே பார்த்தார். பிறகு எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து உள்ளே போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஸ்பிரேயர் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார்.

நாலு நாள் கழித்து வேலாயுதம் வந்தார். செடியைத் தேற்ற எதாவது வழி இருக்கிறதா என்று கேட்டார். தேறாது என்று பாஷாவுக்குத் தெரியும். சத்து மருந்து இரண்டு பொட்டலம் எடுத்துக்கொடுத்தார். காசு நீட்டியபோது வாங்கவில்லை.

“நோன்பு நாள்ள நீங்க வேற ஏன் பாய்,” என்று வேலாயுதம் கும்பிட்டார். “வூட்ல அவ சோறு துன்றதே இல்ல. கஞ்சி வடிக்கவும் மாட்டேங்கறா, சோத்தப் பொங்கிக் கொழைச்சு வச்சிடறா. நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். இப்ப அவ அண்ணன் அத்தயே புடிச்சிக்கினாரு. தறிக்காரி புத்தி தறியோட நிக்கணும்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டாரு. அவளும் ஆமான்னுட்டா.”

“ஆமான்னா?”

“ஆமா, நான்தான் கெடுத்தேன், கழனி வேணாம்னு சொல்லிட்டா பாய். ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல.”

அன்றைக்கு இரவுத் தொழுகை முடிந்து வந்து பாஷா தன் மனைவி உம்முசல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு பேச்சை இத்தனை நேரம் இழுத்துச் சொல்லி அவள் கேட்டதில்லை. கேட்டு முடித்து, உரித்துக்கொண்டிருந்த பூண்டைத் தட்டில் போட்டாள்.

“அல்லா கிட்ட செஞ்ச தப்புக்கு அல்லா கிட்ட அழுதா முடிஞ்சிது. அந்தப் பொம்பள கிட்ட செஞ்சதுக்கு அந்தப் பொம்பளதான் மன்னிக்கணும். இது தெரியாத ஆளா நீங்க?”

“கடை போயிடும் உம்மு.”

“போவட்டும்,” என்றாள். “இப்ப மட்டும் அது இருக்குதா இன்னா?”

அப்படியும் ஏழு நாள் போனது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பாஷாவுக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டிப் போய், சுத்தமாக மரத்துவிட்டிருந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் ஒன்றும் வரவில்லை. இருபத்தேழாம் நோன்பு அன்று காலையில் கடையைத் திறக்காமல், பருத்தி விதை மூன்று பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டிவிஎஸ்ஸில் மாகறலுக்குக் கிளம்பினார். இப்போது விதைத்தாலும் பட்டம் அடியோடு போய்விடாது. சொல்லவும் வேண்டும், விதையும் கொடுக்க வேண்டும், அண்ணன்காரர் எதிரிலேயே சொல்ல வேண்டும். வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

கழனியில் வடிவாம்பாள் செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். பாதிக் கழனி ஏற்கெனவே வெறும் மண்ணாகிவிட்டது. பயிரோடு விட்டால் உழும்போது டிராக்டர் கலப்பையில் சுற்றிக்கொள்ளும், சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போ என்று துரைக்கண்ணு சொல்லியிருந்தார். அவர் மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் பிடுங்கிய செடிகளை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார். பாஷாவைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் ஆச்சரியம். வேலாயுதம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பாஷா வரப்பில் நின்றபடியே சொன்னார். வழியில் சொல்லிப் பார்த்த ஒரு வாக்கியமும் ஞாபகத்துக்கு வரவில்லை. கோர்வையில்லாமல்தான் சொன்னார், ஆனால் ஒன்றையும் விடவில்லை. டேங்க் என்னுடையது, அதில் நெல்லு மருந்து இருந்தது, ஊற வைத்துக் கழுவாமல் கொடுத்தது நான்தான், வாடை வந்தும் கொடுத்தேன், மருந்து ரெண்டும் கலந்ததில் தப்பில்லை, கஞ்சியில் ஒரு தப்பும் இல்லை, செடியைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்லி முடித்து விதைப் பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினார்.

“அதனால தங்கச்சி மேல ஒரு தப்பும் கெடையாது. இந்தப் பட்டத்தக் கணக்குல எடுக்காதீங்க துரைக்கண்ணு. இன்னொரு வாட்டி வெதைக்கட்டும்.”

துரைக்கண்ணு மெல்லச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. மரியாதையாகத்தான் சிரித்தார்.

“நோன்பு மாசத்துல நீங்கல்லாம் தான தர்மம் செய்வீங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் பாய். இப்ப கண்ணால பாக்கறேன். அடுத்தவங்க பழியக் கூடத் தலையில தூக்கிப்பீங்கன்னு தெரியாது.”

“தர்மம் இல்ல துரைக்கண்ணு. நெசம். தாமல் மணிவண்ணனக் கேளுங்க, அந்த ஸ்பிரேயர்ல இவங்களுக்கு முன்னால அவன்தான் அடிச்சான்.”

“மணிவண்ணன்தான் பாய் எனக்குக் கஞ்சிக் கதையே சொன்னாரு. உங்க கடைல வச்சி சொன்னப்ப நீங்களும் சிரிச்சீங்களாமே.”

பாஷா வடிவாம்பாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையில் ஒரு செடியோடு நிமிர்ந்து நின்றிருந்தாள். ஒரு நிமிஷம் அவள் முகத்தில் என்னவோ வந்த மாதிரி இருந்தது, இவள் நம்பிவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

“நான் கேட்டப்ப இருக்கலாம்னு நீங்கதான பாய் சொன்னீங்க?”

“அன்னிக்குப் பொய் சொன்னேன்மா.”

“அன்னிக்கும் நோன்புதான வச்சிருந்தீங்க?”

ஆமாம் என்று தலையாட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். பத்து வருஷமாக வேலாயுதத்தோடு கோயிலுக்கு வந்துபோகிற வழியில் கடையில் நின்று சௌக்கியம் விசாரிக்கும்போது பார்க்கிற அதே பார்வைதான். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துத்தான் அவர் வந்திருந்தார். அது கிடைத்திருந்தால் இருகையாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

“வாணாம் பாய்,” என்றாள். “எங்க வூட்டுக்காரு கிட்ட மருந்துக்கும் காசு வாங்கல நீங்க. இப்ப வெதை எடுத்துக்கினு வந்து நிக்கறீங்க. எனக்காக உங்க பேரக் கெடுத்துக்காதீங்க. நான் செஞ்சது எனக்குத் தெரியும்.”

பாஷா செருப்பைக் கழற்றிவிட்டுக் கழனியில் இறங்கினார். எதற்கு இறங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு செடியைக் காட்டி, இந்த இலையப் பாரும்மா, நரம்பு எப்டி இழுத்துக்கினு இருக்குது பாரு, இது கஞ்சியால வராது, படம் காட்டியிருக்காங்க என்று என்னென்னவோ சொன்னார். வேலாயுதம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெயில்ல வாயில தண்ணி கூட இல்லாம நிக்காதீங்க பாய். நெழலுக்கு வாங்க,” என்று வரப்புக்கு இழுத்துப் போனார். மூன்று பாக்கெட்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்ப அவர் பையிலேயே பத்திரமாகப் போட்டார். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினார். இந்தத் தடவை அவர் சிரிக்க வைக்கப் பேசவில்லை.

“பாத்தியா? உன்னால ஒரு நல்ல மனுசன் நோன்பு வாயால பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

வடிவாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம் என்று சொன்னாளா, உதடு அசைந்ததா என்று வரப்பிலிருந்து தெரியவில்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு அடுத்த செடியைப் பிடித்தாள். வேர் மண்ணோடு வந்தது. மண்ணைக் காலில் தட்டி உதறி, செடியைப் பின்னால் போட்டாள். அதற்கடுத்த செடிக்குக் கை போனது. அந்த வரிசை கிணறு வரைக்கும் நீண்டிருந்தது.